அயலார் படையில் தொண்டர்: ஸ்பெயின் போரும் நம் வகுப்பறை வினாவும்

போரும் கிறிஸ்தவ மனச்சாட்சியும் என்னும் பொருளை இறையியல் வகுப்புகளில் எடுத்துரைக்கும்போது, நம் கண்முன் நிற்பவன் பெரும்பாலும் அரசன் அழைக்கச் சென்ற போர்வீரனே. அகுஸ்தீன் முதல் நம் காலம்வரை நியாயமான போர் பற்றிய போதனை அவனை மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளது. போர் நியாயமானதா என்பதை அதிகாரத்தில் உள்ளவன் ஆராய வேண்டும். ஐயத்திற்கு இடமுள்ள வேளையில் கீழ்ப்படிந்த போர்வீரன் குற்றவாளியாகான் என்பது அப்போதனையின் நெடுநாளைய நிலைப்பாடு. ஆனால் எவரும் அழையாதிருக்க, தன் சொந்த அரசு தடுத்தும் கேளாமல், எல்லை கடந்து போய் அயல்நாட்டுப் படையில் சேர்ந்து உயிர்விட்டவனைப் பற்றி நாம் என்ன சொல்வது? அவன் பொறுப்பை எந்த அரசன்மேலும் சுமத்த இயலாது. அவனே அழைத்தவன், அவனே சென்றவன்.

சென்ற பருவத்தில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் இவ்வினாவை எழுப்பிய மாணவர், அயர்லாந்துத் திருச்சபையின் குருவானவர் ஒருவரின் பெயரையும் கூடவே சொன்னார். ராபர்ட் ஹில்லியார்டு என்பது அப்பெயர். ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில் காயமுற்று 1937 பிப்ரவரி 22-ல் இறந்தவர். 'இவரை நாம் இரத்தசாட்சி என்பதா, வழிதவறிய ஊழியர் என்பதா?' என்று மாணவர் கேட்டார். நாம் உடனே விடை கூறவில்லை. அன்று மணியடித்துவிட்டது என்பது ஒரு காரணம். கூறத் தெரியவில்லை என்பதே மெய்யான காரணம். அதன்பின் படித்தும் சிந்தித்தும் கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

சீர்திருத்தத் திருச்சபைகளுக்கு இப்பொருள் புதியதன்று. சூரிச்சின் சீர்திருத்தவாதி சுவிங்கிலி, கிளாருஸ் ஊரின் குருவாக இருந்த நாட்களில், கூலிக்குப் போரிடச் சென்ற தம் மக்களுடன் இத்தாலிக்குப் போனவர். 1515-ல் மரிஞ்ஞானோ களத்தில் சுவிஸ் இளைஞர் ஆயிரக்கணக்கில் மடிந்தது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஏழை மலைநாட்டுப் பிள்ளைகளைப் பிரான்சு அரசனுக்கும் போப்புவுக்கும் விற்றுப் பணம் பெற்ற பெரிய மனிதரை அவர் பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்தார். 1522-ல் சூரிச் நகரம் அயலாருக்குக் கூலிப்படை அனுப்புவதைத் தடை செய்ததற்கு அவருடைய குரல் பெரிதும் காரணம். லூத்தரோ, போர்வீரரும் இரட்சிப்படையக் கூடுமோ என்பதை ஆராய்ந்து 1526-ல் வெளியிட்ட நூலில், போர்த்தொழில் அறிந்தவன் அதற்குரிய ஊதியம் பெறுவதில் தவறில்லை என்கிறார். ஆனால் உழைக்க மனமின்றிப் போரைத் தேடி நாடெங்கும் அலைபவரை அவர் கண்டிக்கிறார். தன் தலைவன் செய்யும் போர் அநியாயமானது என்று திட்டமாக அறிந்தவன் அதில் சேரலாகாது என்றும் சொல்கிறார். இருவரும் பேசியது கூலிக்குப் போனவனைப் பற்றி. ஸ்பெயினுக்குப் போனவர்களைக் கூலி இழுக்கவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 10 பெசேட்டா என்ற குடிப்படை வீரனின் கூலிக்காக மான்செஸ்டரிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ எவரும் பனிமலை ஏறி வரவில்லை.

போரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1931-ல் ஸ்பெயினில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு தோன்றியது. நிலமற்ற உழவர் ஒருபுறம், பெருநிலக்கிழாரும் இராணுவத் தலைவரும் மறுபுறம். பெரும்பாலும் பின்னவரோடு நின்ற திருச்சபை. இப்பகைமைகள் முற்றிய வேளையில், 1936 பிப்ரவரித் தேர்தலில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்றது. அவ்வாண்டு ஜூலை 17, 18 நாட்களில் தளபதிகள் கலகம் செய்தனர். அவர்களுள் பிராங்கோ தலைமை பெற்றார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானங்களும் ஆட்களும் அனுப்பினர். பிரிட்டனும் பிரான்சும் தலையிடாக் கொள்கை என்று சொல்லி, 1936 செப்டம்பரில் லண்டனில் ஒரு குழுவைக் கூட்டின. அக்குழுவில் ஜெர்மனியும் இத்தாலியும் சோவியத் நாடும் அமர்ந்திருந்தன என்பது அக்காலத்து அரசியலின் உண்மைத்தன்மையை நன்கு காட்டும். சட்டப்படி அமைந்த அரசாங்கம் ஆயுதம் விலைக்கு வாங்கவும் வழியின்றி நின்றது. அதற்கு ஆயுதம் விற்க முன்வந்த பெரிய வல்லரசு சோவியத் நாடு ஒன்றே. அதற்கான விலையைப் பொன்னாகவும் வேறு விதமாகவும் அது வாங்கிக்கொண்டது.

இந்நிலையிலேயே சர்வதேசப் படையணிகள் உருவாயின. 1936 செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்த கம்யூனிஸ்டு அகிலம் இதற்கு முடிவெடுத்தது. அக்டோபர் முதல் அல்பசேத்தே என்னும் ஊர் அவற்றின் தளமாயிற்று. நவம்பர் 8 அன்று முதல் அணி மாட்ரிட் நகரத் தெருக்களில் நடந்து போர்முனைக்குச் சென்றது. போர் முடியுமுன் 50க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 35,000 பேர் இவ்வணிகளில் பணியாற்றினர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். பிரெஞ்சுக்காரரே மிகுதி. அமெரிக்காவிலிருந்து சுமார் 2,800 பேர், கனடாவிலிருந்து 1,600க்கு மேற்பட்டோர், பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 2,500 பேர். சுரங்கத் தொழிலாளர், துறைமுகக் கூலிகள், தையற்காரர், கப்பலோட்டிகள், மாணவர், வேலையற்றோர் எனப் பலவகையினர். யூதர் பலர், தங்களை வேட்டையாடிய இட்லரின் கூட்டாளிகளோடு ஆயுதம் ஏந்தி எதிர்நிற்க அவர்களுக்கு வாய்த்த முதல் களம் அது. கறுப்பின அமெரிக்கர் சிலர், 1935-ல் முசோலினி எத்தியோப்பியாவைத் தாக்கியபோது செய்ய இயலாததை ஸ்பெயினில் செய்ய வந்தனர். அவர்களுள் ஆலிவர் லா என்பவர் வெள்ளையரும் கறுப்பரும் கலந்திருந்த அமெரிக்கப் பட்டாளத்திற்குத் தலைவராகி, 1937 ஜூலையில் புருனேத்தே போரில் இறந்தார். அமெரிக்காவின் சொந்தப் படையில் கறுப்பர் தனியே ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது.

சென்ற வழியும் எளிதன்று. அமெரிக்கக் கடவுச்சீட்டுகளில் ஸ்பெயினுக்குச் செல்லாது என்று முத்திரையிட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு 1870ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவூட்டி எச்சரித்தது. ஆகவே சுற்றுலாப் பயணிகள் போலப் பாரீசுக்கு வந்து, பிரான்சின் எல்லை மூடப்பட்டபின் கயிற்றுச் செருப்பு அணிந்து இரவில் பிரனீசு மலையைக் கடந்தார்கள். ஒருவன் இருமினாலும் காவலர் வந்துவிடுவர் என்று அஞ்சி நடந்த இரவுகள் அவை. 1937 மே மாதம் 'சியுதாத் தெ பார்சலோனா' என்னும் கப்பலில் வந்தவர்களுள் பலர், அது நீர்மூழ்கிக் கப்பலால் தாக்குண்டபோது ஸ்பெயின் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் மூழ்கி இறந்தனர்.

வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த பயிற்சி சில வாரங்களே. சிலருக்குச் சில நாட்களே. 1937 பிப்ரவரி 12 அன்று ஹராமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிரிட்டிஷ் பட்டாளத்தினர் சுமார் 600 பேர் போர்முனையில் இறங்கினர். மூன்றாம் நாள் எஞ்சி நின்றவர் 225க்கு மேல் இல்லை. மாட்ரிடையும் வாலென்சியாவையும் இணைத்த சாலை காக்கப்பட்டது. இறந்தவர்கள் அவ்வொலிவத் தோப்புகளிலேயே புதைக்கப்பட்டார்கள். ஹில்லியார்டு காயமுற்றது இப்போரில்தான்.

அவரைப் பற்றி இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். 1904-ல் கிலார்னியில் பிறந்தவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். குத்துச்சண்டையில் தேர்ந்து 1924 பாரீசு ஒலிம்பிக் போட்டியில் அயர்லாந்தின் சார்பில் இறங்கியவர். 1930களின் தொடக்கத்தில் அயர்லாந்துத் திருச்சபையில் அபிஷேகம் பெற்று, பெல்பாஸ்டு நகரில் ஏழைகளிடையே ஊழியம் செய்தார். வேலையின்மையும் மதப்பகைமையும் பிடித்தாட்டிய நகரம் அது. பின்னர் ஊழியத்தை விட்டு லண்டன் சென்று பத்திரிகைத் தொழிலில் அமர்ந்தார். கம்யூனிஸ்டு கட்சியிலும் சேர்ந்தார். மனைவியும் நான்கு குழந்தைகளும் அயர்லாந்தில் இருக்க, 1936 டிசம்பரில் ஸ்பெயினுக்குப் போனார். அங்கே போய் இரண்டு மாதமே உயிரோடிருந்தார். அதே போரில் டெர்ரி நகரத்து ஈமன் மக்ராட்டியும் இறந்தார். அவர் ரோமன் கத்தோலிக்கச் சபையான கிறிஸ்தவ சகோதரர் சபையில் முன்பு இருந்தவர். பெல்பாஸ்டுத் தெருக்களில் ஒருவர்க்கொருவர் எதிரணியில் நின்றிருக்கக் கூடிய இருவர், ஹராமாவில் ஒரே அணியில் நின்றனர்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நம் மாணவருக்கு விடை எளிது. ஆனால் அதே பிப்ரவரி மாதத்தில், அங்கிருந்து சில மைல் தொலைவில், பிராங்கோவின் பக்கத்திலும் அயர்லாந்தியர் இருந்தனர். அயர்லாந்துக் காவல்துறையின் தலைவராயிருந்த ஓடஃபி என்பவர் சுமார் 700 பேரைத் திரட்டிச் சென்றார். அவர்களும் எவராலும் கட்டாயப்படுத்தப்படாத தொண்டர்களே. குருக்கள் கொல்லப்படுகின்றனர், ஆலயங்கள் எரிக்கப்படுகின்றன என்னும் செய்தி கேட்டு, விசுவாசத்தைக் காக்கச் செல்கிறோம் என்று ஜெபமாலையோடு கப்பலேறியவர்கள். 1937 பிப்ரவரி 19 அன்று சியம்போசுவேலோசு என்னும் ஊரருகில், தங்கள் பக்கத்துக் கேனரித் தீவுப் படையினரே அவர்களை எதிரிகள் என்று கருதிச் சுட்டார்கள். அயர்லாந்தியர் இருவர் அங்கே இறந்தனர். அப்படை பெரும் போர் எதுவும் செய்யாமல், 1937 ஜூனில் தங்களுக்குள் வாக்கெடுத்து வீடு திரும்பியது.

அவர்கள் கேட்ட செய்தி பொய்யா? அன்று. இதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. போர்க்காலத்தில், பெரும்பாலும் அதன் முதல் மாதங்களிலேயே, குடியரசின் பக்கத்திலிருந்த பகுதிகளில் ரோமன் கத்தோலிக்கக் குருக்களும் துறவியரும் கன்னியரும் 6,800 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர் என்று 1961-ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. ஆயர்களும் அதில் அடங்குவர். மறுபக்கத்தில், சலமாங்காவின் ஆயர் பிளா இ தெனியேல் 1936 செப்டம்பர் 30 அன்று வெளியிட்ட சுற்றுமடலில் பிராங்கோவின் போரைச் சிலுவைப் போர் என்று அழைத்தார். தம் மாளிகையையே அவருக்குத் தலைமையிடமாகக் கொடுத்தார். ஆனால் அச்சிலுவைப் போரினர் பாஸ்கு நாட்டில் கத்தோலிக்கக் குருக்கள் பலரைச் சுட்டுக் கொன்றதையும், கத்தோலிக்க மெய்யியலாளர் ஜாக் மாரித்தேன் இதைப் புனிதப் போர் என்பதை மறுத்து எழுதியதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் சபைகளுக்கு நெருக்கமான ஒரு மரணமும் உண்டு. சலமாங்காவில் சிறியதொரு சீர்திருத்த சபையின் போதகர் அத்திலானோ கொக்கோ கலகக்காரரால் சிறைப்பட்டார். அவர் மனைவி, தத்துவ அறிஞரும் பல்கலைக்கழகத் தலைவருமான உனமூனோவுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். 1936 அக்டோபர் 12 அன்று பல்கலைக்கழக விழாவில், ஸ்பெயின் அந்நியர் படையை நிறுவிய தளபதி மில்லான் அஸ்திராயின் முகத்துக்கெதிரே உனமூனோ எழுந்து பேசினார். தாம் பேச வேண்டியவற்றை அவர் குறித்துக்கொண்டது அக்கடிதத்தின் மேல்தான். அந்நாளோடு உனமூனோவின் பதவி போயிற்று. டிசம்பரில் போதகர் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாத இறுதியில் உனமூனோவும் இறந்தார். ஓடஃபியின் ஆட்கள் சேர்க்கப்பட்டதும் அவ்வந்நியர் படையிலேயே. கிறிஸ்துவைக் காக்க வந்த அவ்விளைஞருக்கு, தாங்கள் சேர்ந்த பக்கம் அதே மாதத்தில் ஒரு போதகரைச் சுவரருகே நிறுத்திச் சுட்டது தெரிந்திருக்க வழியில்லை. ஹில்லியார்டும், தாம் சேர்ந்த பக்கத்தில் எத்தனை குருக்கள் மாண்டனர் என்பதை முழுமையாக அறிந்திருப்பாரோ என்பது ஐயமே.

இனி அந்தத் தொண்டர் என்னும் சொல்லைக் கவனிப்போம். மேல்நாட்டு மொழிகளில் இதற்கு வழங்கும் சொல் 'சித்தம்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. தன் சித்தத்தால் வந்தவன் என்பது அதன் பொருள். நம் தமிழில் தொண்டன் என்பவன் தன் மனத்தால் வருபவன் மட்டுமன்று, அடிமை பூண்டவனும் ஆவான். திருத்தொண்டர் என்று சமய நூல்கள் சொல்வதும் இப்பொருளிலேயே. ஸ்பெயின் போரை விளக்க நம் சொல்லே பொருத்தமானது என்று தோன்றுகிறது. வருவது அவன் சித்தம். வந்தபின் அவன் கட்டுண்டவன்.

முசோலினி இச்சொல்லை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதைப் பாருங்கள். ஸ்பெயினுக்கு அவர் அனுப்பிய இத்தாலியப் படைக்குத் தொண்டர் படை என்றே பெயரிட்டார். போர் முடியுமுன் 70,000க்கு மேற்பட்டோர் அதில் வந்து போயினர். அவர்களுள் அரசின் கட்டளையால் வந்தவர் உண்டு. தென் இத்தாலியின் வறுமையிலிருந்து தப்ப, எத்தியோப்பியாவில் வேலைக்குப் போவதாக எண்ணிக் கையெழுத்திட்டு, கப்பலிலிருந்து இறங்கியபோது ஸ்பெயினைக் கண்டவரும் உண்டு. 1937 மார்ச்சில் குவாதலஹாராவில் இப்படையும், முசோலினிக்கு அஞ்சி நாட்டைவிட்டோடிய இத்தாலியரின் கரிபால்டிப் பட்டாளமும் எதிரெதிரே நின்றன. ஒலிபெருக்கி வழியாக இத்தாலியர் இத்தாலியரைத் தாய்மொழியில் அழைத்தனர், பலர் சரணடைந்தனர். இரு பக்கத்திலும் தொண்டர் என்றே பெயர்.

குடியரசுப் பக்கத்திலும் சித்தம் எவ்வளவு நாள் செல்லுபடியாயிற்று? அல்பசேத்தே வந்தவர்களிடம் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்தனர். பல திரும்பவே இல்லை. கனடா நாட்டுத் தொண்டர் ஒருவருக்கு வழங்கப்பட்டிருந்த சீட்டு, 1940-ல் மெக்சிகோவில் திரோத்ஸ்கியைக் கொன்றவன் கையில் இருந்தது. எத்தனை மாதப் பணி என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்று எண்ணி வந்தவர், திரும்ப விரும்பியபோது தப்பியோடியவர் என்று சிறையிலிடப்பட்டனர், சிலர் சுடப்பட்டனர். அல்பசேத்தேயின் தலைவர் ஆந்திரே மார்த்தி எவரையும் ஐயுறும் கொடியவர் என்று பெயர் பெற்றார். 1937 செப்டம்பரில் ஓர் ஆணையின் மூலம் இவ்வணிகள் குடியரசின் படையோடு முறைப்படி இணைக்கப்பட்டன. அதற்கு முன்பே, மே மாதத்தில், பார்சலோனாவின் தெருக்களில் குடியரசின் ஆதரவாளர்களே ஒருவரையொருவர் சுட்டனர். வேறொரு குடிப்படையில் சேர்ந்து போர்முனையில் காயமுற்ற ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல், தாம் காக்க வந்த அரசின் காவலருக்குத் தப்பி ஓட வேண்டியதாயிற்று.

போருக்குப்பின் நேர்ந்தது இதைவிடக் கசப்பானது. 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்தார். ஹிட்லரை எதிர்ப்பதற்கென்றே கால் இழந்தவனும் கண் இழந்தவனும் அச்செய்தியைச் செய்தித்தாளில் படித்தார்கள். ஹங்கேரியின் அமைச்சராயிருந்த லாஸ்லோ ராயிக், ஸ்பெயினில் போரிட்டவர். 1949-ல் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் தம் கட்சியினராலேயே தூக்கிலிடப்பட்டார். ஸ்பெயினுக்குப் போயிருந்ததே அந்நாடுகளில் பலருக்குச் சந்தேகத்தின் அடையாளமாயிற்று. மேல்நாட்டிலும் அவர்கள் மேல் உளவுத்துறையின் கண் இருந்தது.

மறைநூலில் இத்தகையவர் இருவரை நாம் அறிவோம். 2 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் கித்தியனாகிய ஈத்தாய் வருகிறான். அப்சலோமுக்குத் தப்பி ஓடும் தாவீது, நேற்று வந்த அந்நியனாகிய நீ ஏன் என்னோடு அலைய வேண்டும் என்று கேட்டு, அவனைத் திரும்பிப் போகச் சொல்கிறான். அவன் போக மறுத்துவிடுகிறான். அயலார் படையில் தானே விரும்பி நின்றவனுடைய மேன்மைக்கு இதைவிட நல்ல சான்று காண்பது அரிது. ஆனால் சில அதிகாரங்களுக்கு முன், 11ஆம் அதிகாரத்தில், வேறோர் அந்நியன் இருக்கிறான்: ஏத்தியனாகிய உரியா. அவனும் உண்மையாய் உழைத்தான். போர்முனையில் தோழர் இருக்க வீட்டில் படுக்க மறுத்த அவனுடைய உண்மையையே அரசன் கருவியாக்கி, அவன் கையிலேயே அவன் சாவுச் சீட்டைக் கொடுத்தனுப்பினான். இருவரும் சேவித்தது ஒரே தாவீதை. ஈத்தாயைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் நாம் உரியாவைப் பத்சேபாளின் கணவனாக மட்டுமே நினைத்துக் கடந்து போகிறோம் என்பது நம் குறை.

இவ்விரு அதிகாரங்களையும் சேர்த்துப் படித்தபோதுதான் நம் மாணவரின் வினாவில் இரண்டு வினாக்கள் பிணைந்திருப்பது புலனாயிற்று. போனவனின் மனம் எத்தகையது என்பது ஒன்று; அம்மனத்தைப் பெற்றுக்கொண்டவர் அதை எதற்குப் பயன்படுத்தினர் என்பது மற்றொன்று. முதலாவதற்கு நல்ல விடை கிடைத்துவிட்டது என்பதற்காக இரண்டாவதைக் கேளாமல் விட்ட குருக்களே, ஓடஃபியின் ஆட்களை ஆசீர்வதித்துக் கப்பலேற்றினர். இரண்டாவதற்குக் கெட்ட விடை கிடைத்தது என்பதற்காக முதலாவதை மறுத்தவர்கள், ஹராமாவில் இறந்தவர்களை ஸ்டாலினின் கைக்கூலிகள் என்று ஏளனம் செய்தனர். இரத்தசாட்சி என்னும் சொல் முதல் வினாவுக்கு மட்டும் விடையாக வழங்கப்படும்போது அது ஆள்சேர்க்கும் கருவியாகிவிடும் என்பது நம் அச்சம். பிராங்கோவின் ஸ்பெயினில் பல ஆண்டுகள் அவ்வாறே நடந்தது.

ஆயுதம் ஏந்தாமல் போனவரும் இருந்தனர். குவேக்கர் சங்கத்தார் போரிட்ட இரு பக்கத்துக் குழந்தைகளுக்கும் பாலும் ரொட்டியும் கொண்டு போனார்கள். கனடா நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் போதகரின் மகன், மருத்துவர் நார்மன் பெதியூன், 1936-ல் மாட்ரிட் சென்று, குருதியைக் குப்பிகளில் குளிரூட்டி வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுசெல்லும் முறையை அமைத்தார். தந்தையின் சமயத்தை விட்டவர் அவர். தந்தையின் ஊழிய வெறியை விட்டவரல்லர் என்று சொல்லத் தோன்றுகிறது. பின் சீனா சென்று, எட்டாவது மார்க்கப் படையினருக்கு அறுவை செய்கையில் விரலில் பட்ட வெட்டுக்காயம் நஞ்சாகி 1939 நவம்பரில் இறந்தார். இந்தியாவிலிருந்து 1938-ல் சீனா சென்ற ஐந்து மருத்துவருள் ஒருவரான சோலாப்பூர் துவாரகநாத் கோட்னிஸ், பெதியூனின் பெயரால் அமைந்த மருத்துவமனையின் தலைவராகி, 1942-ல் அங்கேயே இறந்தார். ஸ்பெயினில் துப்பாக்கி ஏந்திய இந்தியரும் உண்டு. நாகபுரியில் பொதுவாழ்வில் ஈடுபட்டிருந்த கோபால் முகுந்த் ஹுத்தார், ஜான் ஸ்மித் என்ற பெயரில் சேர்ந்து, 1938-ல் பிடிபட்டு, பர்கோஸ் அருகே சான் பெத்ரோ தெ கார்தேன்யா என்னும் பழைய மடத்தில் சிறையிருந்தார். துறவியர் மடம் கைதிகளின் கொட்டடியாயிற்று. அங்கே கைதிகள் திருப்பலிக்குக் கட்டாயமாக நிறுத்தப்பட்டனர். கட்டாயத் திருப்பலி எத்தகைய சாட்சி என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளட்டும்.

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டா. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, உக்ரைன் அரசு அயல்நாட்டாருக்கெனத் தனிப் படையணி அமைத்து அழைப்பு விடுத்தது; பல நாட்டினர் மனமுவந்து சென்றனர். ருஷ்யப் படையிலோ நேபாளத்தார், இலங்கையர், இந்தியர் காணப்பட்டனர். உதவியாளர் வேலை, நல்ல சம்பளம் என்று முகவர்கள் சொன்னதை நம்பிக் கடன் வாங்கிப் போய், படிக்கத் தெரியாத மொழியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் போர்முனையில் தள்ளப்பட்டதாக அவர்களுள் பலர் தெரிவித்தனர், சிலர் மாண்டனர். 2024 ஜூலையில் மாஸ்கோ சென்ற இந்தியப் பிரதமர் அவர்களை விடுவிக்குமாறு கேட்க வேண்டியிருந்தது. அவர்களும் தாளில் தொண்டர்களே. இத்தாலியின் தெற்கிலிருந்து எத்தியோப்பியா என்று நம்பிக் கப்பலேறியவனும், இவர்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தோன்றுகின்றனர். வெளிநாடு செல்லும் மகனுக்காக ஜெபிக்கக் கேட்டு ஒரு தாய் போதகர் வீட்டுக்கு வரும்போது, ஒப்பந்தத் தாளைக் கொண்டு வாருங்கள் அம்மா, படித்துப் பார்ப்போம் என்று சொல்வதும் ஆயர் பணியின் பகுதியே என்று வகுப்பில் கூறினோம். இது இறையியலா என்று ஒருவர் கேட்டார். சுவிங்கிலி செய்தது இதுதான் என்று சொன்னோம்.

1938 செப்டம்பர் 21 அன்று குடியரசின் பிரதமர் நெக்ரின், அயல்நாட்டுத் தொண்டர் அனைவரையும் திருப்பி அனுப்புவதாகச் சர்வதேசச் சங்கத்தில் அறிவித்தார். அதனால் இத்தாலியரும் ஜெர்மானியரும் வெளியேற்றப்படுவர் என்பது அவர் நம்பிக்கை, அது நிறைவேறவில்லை. அக்டோபர் 28 அன்று பார்சலோனாவில் மக்கள் மலர் தூவி அவர்களை வழியனுப்பினர். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் திரும்பியவர் வீடு சேர்ந்தனர்; பிரிட்டனிலிருந்து சென்றவருள் 500க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. ஜெர்மானியருக்கும் ஆஸ்திரியருக்கும் இத்தாலியருக்கும் திரும்ப நாடில்லை. பலர் எல்லை கடந்து, பிரான்சின் கூர்ஸ் முகாமில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். 1996-ல் ஸ்பெயின் அரசு, உயிரோடிருந்த தொண்டர்களுக்குக் குடியுரிமை அளிக்க முன்வந்தது. ஆனால் தங்கள் நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அது 2007 சட்டத்தினால் நீங்கியபோது, மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.

இவ்வாண்டு பிப்ரவரி 22 அன்று கல்லூரிச் சிற்றாலயத்தில் காலை ஆராதனை நம் வகுப்பின் பொறுப்பில் அமைந்தது. மரித்தோரை நினைவுகூரும் ஜெபத்தில், அடைமொழி எதுவும் சேர்க்காமல், ராபர்ட் ஹில்லியார்டு, அத்திலானோ கொக்கோ என்னும் இரு பெயர்களையும் வாசித்தோம். ஆராதனை முடிந்து வெளியே வருகையில் அந்த மாணவர், சியம்போசுவேலோசில் சொந்தப் பக்கத்தாரின் குண்டுக்கு இறந்த அயர்லாந்தியர் இருவரையும் ஏன் விட்டுவிட்டோம் என்று கேட்டார். அவர்களுடைய பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம். மறுவாரம் எழுதிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவை சேர்ந்திருக்கின்றன.